சின்னமுத்துத் தடுப்பூசி: இரண்டாவது ஊசி எதற்கு?



“பிள்ளைக்கு ஒரு வயதிலேயே சின்னமுத்து ஊசி போட்டாயிற்று. இப்போது பாடசாலை தொடங்கும் நேரத்தில் மறுபடியும் போடச் சொல்கிறார்கள். அப்படியென்றால் முதல் ஊசி வேலை செய்யவில்லையா?”

இளம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால், பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே இம்முறை எமது சுகாதாரப் பகுதியில், சின்னமுத்து ஊசிக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நாம் சின்னமுத்து என்று சொல்வதைத் தமிழகத்தில் தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் மீசில்ஸ். இதைக் கொப்புளிப்பானுடன் குழப்பிக்கொள்ளக்கூடாது. கொப்புளிப்பானில் நீர் கோத்த கொப்புளங்கள் வரும். சின்னமுத்தில் கடும் காய்ச்சல், இருமல், தடிமன், கண் சிவத்தல் என்று தொடங்கி, மூன்று நான்கு நாட்களின் பின் முகத்திலிருந்து கீழ்நோக்கிச் செந்நிறத் தடிப்புகள் பரவும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

கனடா 1998ஆம் ஆண்டிலேயே சின்னமுத்தை ஒழித்துவிட்ட நாடு. ஒழித்த நாடு என்றால், வெளிநாட்டிலிருந்து யாராவது நோயைக் கொண்டுவந்தாலும் அது ஒரு வருடத்திற்குத் தொடர்ந்து பரவாமல் அடங்கிவிடும் என்று பொருள். 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூ பிரன்சுவிக்கில் தொடங்கிய பரவல் அப்படி அடங்கவில்லை. ஒன்ராறியோ, அல்பேட்டா என்று பல மாகாணங்களுக்கும் போயிற்று. 2025ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 5,000 பேருக்கு மேல் இந்த நோய் வந்தது. ஒன்ராறியோவில் 2,300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட பின்னரே, 2025 ஒக்டோபர் 6ஆம் திகதி அந்தப் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் தொற்றி, குறைமாதத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் அந்த ஆண்டில் இறந்தன. ஒன்று ஒன்ராறியோவில், மற்றது அல்பேட்டாவில். 2025 நவம்பர் 10ஆம் திகதி கனடா, சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியை இழந்தது.

பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தடுப்பூசி போடாதவர்கள், அல்லது போட்டதற்குச் சான்று இல்லாதவர்கள். இந்த “சான்று இல்லாதவர்கள்” என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எம்மவர் பலருக்கு அது பொருந்தும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு வேகமாகப் பரவும்?

மனிதருக்குத் தெரிந்த தொற்றுநோய்களில் மிக வேகமாகப் பரவுவனவற்றில் சின்னமுத்து ஒன்று. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றுப் பெறுவார்கள். நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் வைரசு இரண்டு மணித்தியாலம் வரை இருக்கும். தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதாவது, “வெறும் தடிமன் காய்ச்சல்தான்” என்று நினைத்துப் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கோ பிறந்தநாள் விழாவுக்கோ கூட்டிச்செல்லும் நாட்களிலேயே நோய் பரவிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் குணமடைந்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் பத்தில் ஒரு பிள்ளைக்குக் காதில் தொற்று ஏற்படும். இருபதில் ஒரு பிள்ளைக்கு நியூமோனியா வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படலாம். ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை இறக்கிறார்கள். மிக அரிதாக, நோய் மாறி ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து மூளையைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஒரு நோயும் வருகிறது. அதற்கு இன்றுவரை மருந்து இல்லை.

முதலாவது பாதுகாப்பு: தாய் கொடுப்பது

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒரு கிருமியை அடையாளம் கண்டு அதைப் பிடித்து அடக்குவதற்கு எமது இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை அன்ரிபொடி என்பார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனிப் பிறபொருளெதிரி உண்டு. சின்னமுத்துக்கு உரியது கொப்புளிப்பானுக்கு உதவாது.

குழந்தை பிறக்கும்போது தாயின் பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடி வழியாக வந்து குழந்தையின் இரத்தத்தில் இருக்கும். ஆனால் அவை இரவல் வாங்கியவை. குழந்தையின் உடல் அவற்றைத் தானாக உற்பத்தி செய்யாததால், மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து மறைந்துவிடும். ஒன்ராறியோவில் 196 குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மூன்று மாத வயதிலேயே பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பாதுகாப்புக்குப் போதிய அளவு இருக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு குழந்தையிடமும் இருக்கவில்லை. முன்பு சின்னமுத்து வந்து மாறிய தாய்மாருக்குப் பிறபொருளெதிரி அதிகமாக இருந்தது; ஊசியால் பாதுகாப்புப் பெற்ற இன்றைய தாய்மாருக்கு அது குறைவாக இருப்பதால், குழந்தைக்குப் போவதும் குறைவு.

அப்படியென்றால் மூன்று மாதத்திலேயே ஊசி போட்டுவிடலாமே என்று கேட்கலாம். சின்னமுத்து ஊசி உயிருள்ள, ஆனால் பலம் குறைக்கப்பட்ட வைரசினால் செய்யப்பட்டது. அது உடலில் சிறிதளவு பெருகினால்தான் உடல் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தாயின் பிறபொருளெதிரி கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், அது ஊசியின் வைரசைப் பெருகவிடாமல் அடக்கிவிடும். குழந்தையின் நோயெதிர்ப்புத் தொகுதியும் அந்த வயதில் முதிர்ச்சி அடைந்திருக்காது. ஒன்பதாம் மாதத்தில் போட்டால் ஏறக்குறைய 85 வீதமான குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. பன்னிரண்டு மாதத்தில் போட்டால் அது 95 வீதம் வரை உயருகிறது. கனடாவில் முதல் ஊசி முதலாவது பிறந்தநாளுக்குப் பின் என்று வைத்திருப்பது இதனால்தான்.

முதல் ஊசிக்குப் பின்

ஒன்ராறியோவில் 12 மாதத்தில் போடும் ஊசி எம்.எம்.ஆர். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்த ஊசி அது. போட்டு இரண்டு வாரமளவில் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் தோன்றும். மூன்று நான்கு வாரத்தில் உச்சத்துக்கு வரும். பின்னர் மெதுவாகக் குறைந்து ஓரளவில் நிலைத்துவிடும். கூடவே, நினைவுக் கலங்கள் எனப்படும் உயிரணுக்களும் உருவாகும். பல வருடங்கள் கழித்து உண்மையான வைரசு வந்தாலும், இவை அதை அடையாளம் கண்டு சில நாட்களுக்குள் வேண்டிய பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்துவிடும். முதல் ஊசி பலித்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்தப் பாதுகாப்பு நீண்ட காலம் நிற்கும்.

பலிக்காத பிள்ளைகள்தான் கவலைக்குரியவர்கள். ஒரு ஊசியின் பாதுகாப்பு 85 முதல் 95 வீதம் என்று கனடாவின் தடுப்பூசி வழிகாட்டி சொல்கிறது. அதாவது நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பதினைந்து பேர் ஊசி போட்டும் பாதுகாப்பு இல்லாமல் இருப்பார்கள். தாயின் பிறபொருளெதிரி சற்று மிஞ்சியிருந்திருக்கலாம். ஊசி மருந்து வெப்பமோ வெளிச்சமோ பட்டுப் பலம் இழந்திருக்கலாம். காரணம் எதுவும் தெரியாமலும் போகலாம். பெற்றோரின் பிழை எதுவும் இதில் இல்லை. பிள்ளையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஊசி பலித்த பிள்ளையும் பலிக்காத பிள்ளையும் ஒரே மாதிரித்தான் ஓடி விளையாடும்.

இரண்டாவது ஊசிக்குப் பின்

இரண்டாவது ஊசியைப் பலரும் பூஸ்டர் என்று சொல்கிறோம். அந்தச் சொல் எம்மைக் கொஞ்சம் தவறாக எண்ண வைக்கிறது. ஏற்புவலி ஊசியைப் பாருங்கள். அதன் பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதால், பெரியவர்கள் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மீண்டும் போடவேண்டும். அது பூஸ்டர்தான். சின்னமுத்தின் இரண்டாவது ஊசிக்குப் பிரதான வேலை வேறு.

முதல் ஊசி பலித்த பிள்ளைக்கு இரண்டாவது ஊசி போடும்போது, இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரி ஊசி வைரசைப் பெரும்பாலும் அடக்கிவிடும். அளவு சிறிது காலம் உயர்ந்து, மீண்டும் பழைய நிலைக்குக் கிட்ட வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு இதனால் தீங்கும் இல்லை, பெரிய மாற்றமும் இல்லை.

முதல் ஊசி பலிக்காத பிள்ளைக்கு இதுவே உண்மையில் முதல் ஊசி. இப்போது தாயின் பிறபொருளெதிரி இல்லை. உடலும் வளர்ந்துவிட்டது. எனவே இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 95 வீதமானோருக்கு இம்முறை எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஒன்றில் எல்லோரும் ஒரு ஊசி மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 முதல் 60 பிள்ளைகள் வரை பாதுகாப்பின்றி இருப்பார்கள். இவ்வளவு வேகமாகப் பரவும் நோய்க்கு அது தாராளம். எல்லோரும் இரண்டாவது ஊசியும் போட்டால், அந்த 60 பேரிலும் மூன்று நான்கு பேரே மிஞ்சுவார்கள். அவர்களைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் பாதுகாப்பு இருப்பதால், நோய் அவர்களிடம் வந்து சேர்வதும் கடினம். ஊரில் 95 வீதமானோருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் சின்னமுத்து பரவாது என்று சொல்வது இதனால்தான். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் இந்த ஊசியைப் போட முடியாது அல்லது வழமையாகப் போடுவதில்லை. அவர்களுக்கு எமது பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியே காவல்.

கனடா கற்றுக்கொண்ட பாடம்

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 1995ஆம் ஆண்டில் கனடாவில் 2,300 பேருக்கு மேல் சின்னமுத்து வந்தது. அவர்களில் அதிகமானோர் ஒன்ராறியோவில் இருந்தவர்கள். பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள்; ஒரு ஊசி போட்டவர்கள். ஒரு ஊசி போதாது என்று அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் மாகாணங்கள் இரண்டாவது ஊசியைக் கொண்டுவந்தன. ஒன்ராறியோவில் 1996இல் பாடசாலைகளிலேயே பிள்ளைகளுக்கு அதைப் போட்டார்கள். அடுத்த சில வருடங்களிலேயே நாட்டுக்குள் நோய் தொடர்ந்து பரவுவது நின்றுவிட்டது.

பின்லாந்து நாடு 1982இலேயே இரண்டு ஊசித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே ஊசி போட்ட பிள்ளைகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 95 வீதமானோரின் இரத்தத்தில் சின்னமுத்துக்கான பிறபொருளெதிரி இன்னும் இருந்தது. அதனால்தான் வழமையாக மூன்றாவது ஊசி தேவையில்லை என்கிறார்கள். இரண்டு ஊசி போட்டவருக்கும் மிக அரிதாக நோய் வரலாம். வந்தாலும் பெரும்பாலும் இலேசாகவே வரும்; மற்றவர்களுக்குத் தொற்றுவதும் குறைவு.

ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டை

எமது குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய இடம் இது. இலங்கையில் முதலாவது ஊசி ஒன்பதாம் மாதத்திலும், இரண்டாவது மூன்று வயதிலும் போடப்படுகிறது. இந்தியாவின் அரசாங்கத் திட்டத்தில் முதலாவது 9 முதல் 12 மாதத்துக்குள்ளும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகிறது. நோய் அதிகமாக இருந்த நாடுகளில் குழந்தையைச் சீக்கிரம் காப்பாற்றவேண்டும் என்பதால் அப்படி வைத்தார்கள். அது அந்த நாடுகளுக்குப் பொருத்தமான முடிவு.

ஆனால் ஒன்ராறியோவில் முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஆகவே ஊரில் பிறந்து, ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் ஊசி போட்டுக்கொண்டு இங்கே வந்த பிள்ளைக்கு, அட்டையில் இரண்டு ஊசி இருந்தாலும் கனடாக் கணக்கில் ஒன்றுதான். இன்னும் ஒன்று போடவேண்டும். “எல்லாம் போட்டாயிற்று” என்று பெற்றோர் நினைத்திருக்க, பாடசாலைக்குப் பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து கடிதம் வருவது இதனாலும் இருக்கலாம். கோபப்படாமல் அட்டையை எடுத்துத் திகதிகளைப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அங்கே அரசாங்கத் திட்டத்தில் போடுவது எம்.ஆர். ஊசி. அதில் சின்னமுத்தும் ருபெல்லாவும் உண்டு, கூகைக்கட்டு இல்லை. ஒன்ராறியோப் பாடசாலைகளுக்குக் கூகைக்கட்டு ஊசியும் வேண்டும். தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால் எம்.எம்.ஆர். ஆகவே இருக்கக்கூடும். அட்டையில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

அம்மா அப்பாவின் நிலை என்ன?

இலங்கையில் சின்னமுத்து ஊசி 1984இல் தொடங்கியது. அப்போது ஒன்பதாம் மாதத்தில் ஒரு ஊசிதான். மூன்று வயதில் இரண்டாவது ஊசி 2001இல்தான் வந்தது. அதற்கிடையில் வடக்குக் கிழக்கில் யுத்தமும் இடம்பெயர்வும். ஊசி போட்டார்களா இல்லையா என்று தாய்க்கு நினைவில்லை. அட்டை எந்த ஊரில் எந்த வீட்டில் விடுபட்டதோ தெரியாது. இன்று பெற்றோராக இருக்கும் எம்மவர் பலரின் நிலை இதுதான். நாம் முன்பு சொன்ன “சான்று இல்லாதவர்கள்” இவர்கள்தான்.

கனடாவில் 1970க்கு முன் பிறந்தவர்களுக்குச் சிறுவயதில் நோய் வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 1970இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் வெளிநாடு போவதானால் இரண்டு ஊசி வேண்டும். வைத்தியசாலையிலும் முதியோர் பராமரிப்பிலும் வேலை செய்வோருக்கு எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் சான்று வேண்டும். சான்று இல்லையென்றால் தயங்காமல் குடும்ப வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். முன்பு போட்டிருந்து மீண்டும் போட்டாலும் தீங்கில்லை.

கருத்தரிக்க எண்ணியிருக்கும் பெண்கள் இதை முன்கூட்டியே பார்க்கவேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த ஊசி போடக்கூடாது. போட்ட பின் நான்கு வாரமாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்கவேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறையில் கைக்குழந்தையைப் பேரன் பேத்தியாகக் காட்ட ஊருக்குக் கொண்டுபோவது எமது வழக்கம். விமானநிலையத்திலும் விமானத்திலும் பல நாட்டவரோடு இருக்கவேண்டியும் வருகிறது. சின்னமுத்து பரவும் நாட்டுக்கு 6 முதல் 11 மாதக் குழந்தையைக் கொண்டுபோவதாக இருந்தால், முன்கூட்டியே ஒரு ஊசி போடலாம். அது பயணத்துக்கான பாதுகாப்பு மட்டுமே. பன்னிரண்டு மாதத்தின் பின் வழமையான இரண்டு ஊசிகளையும் போடத்தான் வேண்டும்.

ஒரு ஊசி போட்ட இரண்டு மூன்று வயதுப் பிள்ளையானால், இரண்டாவது ஊசியை நான்கு வயது வரை வைத்திருக்கத் தேவையில்லை. முதல் ஊசிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு வாரம் இருந்தால் போதும். அது கணக்கிலும் சேரும். வழமையாக 4 முதல் 6 வயதுக்குள் போடும் இரண்டாவது ஊசி எம்.எம்.ஆர்.வி., அதாவது கொப்புளிப்பானுக்கும் சேர்த்தது. முந்திப் போட்டால் கொப்புளிப்பான் ஊசியைப் பின்னர் எப்போது போடுவது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போடுவது நல்லது.

எம்மவர் கேட்கும் சில கேள்விகள்

இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, தேவையென்றால் மட்டும் இரண்டாவது ஊசி போடலாமா?

வழமையாக அப்படிச் செய்வதில்லை. பிள்ளையிடம் இரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை காத்திருப்பதைவிட ஊசி போடுவது எளிது. பரிசோதனையும் எப்போதும் சரியாகக் காட்டுவதில்லை. பிறபொருளெதிரி குறைவாகத் தெரிந்தாலும் நினைவுக் கலங்கள் இருக்கக்கூடும். முறைப்படி இரண்டு ஊசி போட்டவருக்குப் பாதுகாப்பு இருப்பதாகவே கனடாவில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்களுக்கெல்லாம் வந்து மாறியதுதானே? நோய் வந்து போனால் நல்ல எதிர்ப்புச் சக்தி கிடைக்காதா?

சின்னமுத்துக்கு எதிராகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. சின்னமுத்து வைரசு எமது நினைவுக் கலங்களையே தாக்குகிறது. ஊசி போடாத 77 பிள்ளைகளை நோய்க்கு முன்னும் பின்னும் பரிசோதித்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மற்றைய கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை அழிந்துபோயிருந்தன. அதனால் சின்னமுத்து மாறிய பின்னும் வேறு நோய்கள் பிள்ளையைப் பிடிக்கின்றன. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு இப்படி நடக்கவில்லை. பெரியவர்கள் “எங்களுக்கு வந்து மாறியது” என்று சொல்லும்போது, மாறாமல் போன பிள்ளைகள் அங்கே இருந்து அதைச் சொல்ல முடியாது என்பதையும் நினைக்கவேண்டும்.

இந்த ஊசியால் ஓட்டிசம் வருமாமே?

1998இல் பிரித்தானியாவில் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து வந்த பயம் இது. அக்கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அதை மீளப்பெற்றது. அதை எழுதிய பிரதான மருத்துவரின் பெயரும் பிரித்தானிய மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் இடையே ஓட்டிசத்தில் வேறுபாடு இருக்கவில்லை. பிள்ளை பேசத் தொடங்கும் வயதில்தான் ஓட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படுகின்றன. முதல் ஊசியும் அந்த வயதை ஒட்டியே வருவதால் பெற்றோர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பது இயல்பு. அவ்வளவுதான்.

ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால்?

ஐந்து முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இலேசான தடிப்பும் வரலாம். ஊசி வைரசு உடலில் பெருகும் காலம் அது. சில நாட்களில் மாறிவிடும். அரிதாகக் காய்ச்சல் வலிப்பு வரலாம். அப்போது உடனே வைத்திய உதவி பெறவேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பின் இவை குறைவு. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் இதைப் போடலாம். முன்பு போட்டபோது கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, பிள்ளையின் நோயெதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருந்தாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

நோயாளியோடு பழகிவிட்டால்

பாதுகாப்பு இல்லாத பிள்ளை சின்னமுத்து நோயாளியோடு பழகியது தெரியவந்தால் நேரத்தை வீணாக்கக்கூடாது. 72 மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. மிகச் சிறிய குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு நாட்களுக்குள், ஆயத்தமான பிறபொருளெதிரிகளை நேராக ஊசியாக ஏற்றுவார்கள்.

நோய் வந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், வைத்தியரிடம் போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லுங்கள். காத்திருக்கும் அறையில் வேறு கைக்குழந்தைகள் இருக்கலாம். ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தில் தாதியிடம் ஆலோசனை கேட்கலாம். பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. அம்மாளின் பெயரைச் சொல்லி வேப்பிலை கட்டி, வெளியார் வராமல் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள் எமது பெரியவர்கள். பிள்ளையைத் தனியே வைத்திருந்தது நல்ல வழக்கம்தான். அதோடு வைத்தியரையும் நாடவேண்டும். மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் உறங்கினாலோ 911ஐ அழைத்து, சின்னமுத்து என்ற சந்தேகத்தையும் சொல்லுங்கள்.

இன்றே செய்யக்கூடியது

வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் மஞ்சள் அட்டையையும், ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தையும் எடுங்கள். சின்னமுத்து ஊசிக்கு இரண்டு திகதிகள் இருக்கின்றனவா? இரண்டும் முதலாவது பிறந்தநாளுக்குப் பிந்தியவையா? இரண்டுக்கும் இடையில் நான்கு வாரமாவது இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நிம்மதியாக இருங்கள். ஒன்றுக்காவது இல்லை என்றால் குடும்ப வைத்தியரையோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவையோ அழையுங்கள். ஒன்ராறியோவில் இந்த ஊசிகளுக்குப் பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை.

ஊசி போட்ட பின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வைத்தியர் போட்டவுடன் அது தானாகப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கவேண்டாம். அதை அறிவிக்கவேண்டியவர்கள் பெற்றோர்தான். அறிவிக்காவிட்டால், ஊசி போட்ட பிள்ளையும் பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்படலாம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். முதல் ஊசி உங்கள் பிள்ளைக்குப் பெரும்பாலும் வேலை செய்திருக்கும். ஆனால் செய்ததா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. இரண்டாவது ஊசியைப் போட்டுவிட்டால் அந்தச் சந்தேகத்தோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டியதில்லை.

இங்கே சொன்னவை பொதுவான விளக்கங்கள். உங்கள் பிள்ளைக்கு எது பொருத்தம் என்பதை உங்கள் வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். நலமுடன் வாழ்க.